காவிரி டெல்டா வரைபடத்துக்கு எந்தப் போர்விதி? நிலத்தையும் அதிர்ஷ்டத்தையும் எங்கே வைப்பது என்று ஓர் ஒப்பீடு

டெல்டாவை வரைபடமாக வைத்து டர்ன் முறை (ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும்) வியூகக் கணினி விளையாட்டு செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் யூனிட் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். வேல்வீரன், வில்லாளி, குதிரை, யானை, ஓடக்காரன் என்று படம் வரைந்து முடித்தபின் வரைபடம் வரும். போர்விதி கடைசியில், பழகிய ஏதாவது ஒரு விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்படும். முக்கொம்பிலிருந்து பூம்புகார் வரை கிடக்கும் நிலத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது. பழகிய விதிகள் மலை, குன்று, காடு, சமவெளி என்ற வேறுபாட்டை நம்பி எழுதப்பட்டவை. வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டை விட்டால் டெல்டாவில் குன்று என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் கிடையாது. மேடு என்றால் ஆற்றங்கரை, திடல், வரப்பு, அவ்வளவுதான். உயரத்தால் வரும் சாதகம் வரைபடத்தில் இல்லாமல் போனால் விதியில் மிச்சம் நிற்பது ராண்டம் எண் மட்டும். அப்போது ஆடுபவர் யோசித்து ஜெயித்தாரா, எண் விழுந்து ஜெயித்தாரா என்று அவருக்கே தெரியாது.

ஆகவே முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. நிலம் எதை மாற்ற வேண்டும்: அடி படும் வாய்ப்பையா, பட்ட அடியின் அளவையா, நடக்கும் தூரத்தையா? அதிர்ஷ்டம் எங்கே நிற்க வேண்டும்: அடி விழும் நொடியிலா, அதற்கு முன்பா? கையில் இருக்கும் முறைகளை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே அளந்து பார்க்கலாம்.

நிலம் அடி படும் வாய்ப்பை மாற்றினால்

இதற்குச் சிறந்த மாதிரி 2003 முதல் வெளிவரும் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. இலவசம், திறந்த மூலம், வரைபட எடிட்டர் உள்ளேயே உண்டு. நிரல் அதிகம் எழுதாமல் ஒரு போர்க்களத்தை உருவாக்க வேண்டுமென்றால் பலரும் முதலில் வந்து சேரும் இடம் இதுதான்.

இதன் விதியில், ஒருவர் மேல் அடி படும் வாய்ப்பை அவர் நிற்கும் கட்டம் தீர்மானிக்கிறது. அடிப்பவர் நிற்கும் இடம் அந்த அடியை மாற்றாது. சாதாரணக் காலாட்படை வீரனுக்குச் சமவெளியில் 40% தற்காப்பு, ஊரிலும் கோட்டையிலும் 60%, ஆழமில்லாத நீரிலும் சதுப்பிலும் 20%. தற்காப்பு 40% என்றால் ஒவ்வொரு வீச்சும் படும் வாய்ப்பு 60%.

ஒரு வேல்வீரன் வீச்சுக்கு 7 சேதம் வீதம் மூன்று முறை குத்துகிறான் என்று வைப்போம். எதிரி ஊருக்குள் நின்றால் சராசரிச் சேதம் 8.4. தண்ணீரில் நின்றால் 16.8. நிலத்தின் பங்கு சரியாக இரண்டு மடங்கு. இதைப் பார்த்து நிலத்துக்கு நல்ல மதிப்பிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். சராசரியை விட்டுவிட்டு விழும் எண்களைப் பார்த்தால் படம் மாறும். ஊரில் நிற்பவன் மேல் மூன்று குத்தும் தவறும் வாய்ப்பு 21.6%, மூன்றும் படும் வாய்ப்பு 6.4%. தண்ணீரில் நிற்பவன் மேல் மூன்றும் படும் வாய்ப்பு 51.2%, ஒன்று மட்டும் படும் வாய்ப்பு 9.6%. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டால், ஊரில் நின்றவன் தண்ணீரில் நின்றவனுக்குக் குறையாத அடியை வாங்கும் வாய்ப்பு சுமார் 25%. அவனைவிட அதிகமாகவே வாங்கும் வாய்ப்பு 6.5%. நல்ல இடம் பார்த்து நிறுத்தியவருக்கு நான்கில் ஒரு முறை அதன் பலன் கண்ணில் படாது.

மலையும் காடும் கலந்த வரைபடத்தில் இது பெரிய குறையில்லை. ஒரே சண்டையில் பத்துப் பதினைந்து விதமான நிலம் வந்து போகும், அதிர்ஷ்டம் சமனாகிவிடும். டெல்டா வரைபடத்தில் வருவது 20, 40, 60 என்ற மூன்றே மதிப்புகள். அதிலும் நடவு முடிந்த மாதத்தில் வயல் முழுவதையும் சதுப்பாக வைத்துவிட்டால், ஊர் ஒவ்வொன்றும் 60% மதிப்புள்ள தீவு, சுற்றிலும் 20% கடல் என்று ஆகிவிடுகிறது. ஊரை அடிக்க வருபவன் சேற்றில் நிற்கிறான். அவன் குத்து 40% படும். பதில் குத்து 80% படும். யாரும் ஊரைவிட்டு இறங்க மாட்டார்கள். ஆட்டம் உறைந்துவிடும். வெஸ்னாத்தில் செய்யப்படும் டெல்டா வரைபடங்களுக்கு வரக்கூடிய முதல் நோய் இதுதான்.

நடையிலும் ஒரு பொறி உண்டு. வேல்வீரனுக்கு டர்னுக்கு 5 நடைப்புள்ளி. சதுப்பில் ஒரு கட்டத்துக்கு 3 செலவாகும். ஒரு கட்டம் போனதும் மிஞ்சுவது 2. அது அடுத்த கட்டத்துக்குப் போதாது, வீணாகிறது. டர்னுக்கு ஒரே கட்டம். குதிரைப்படைக்கு 8 புள்ளி, சதுப்பில் கட்டத்துக்கு 4. சரியாக இரண்டு கட்டம். சேற்றில் குதிரை காலாளைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போகிறது! நடவு வயலில் மாட்டை இறக்கிப் பார்த்த எவரும் இதை ஏற்கமாட்டார்கள். சேற்று வயலுக்கென்று தனியாக ஒரு நிலவகை உருவாக்கி, காலாளுக்கு நடைச்செலவு 2, தற்காப்பு 30% என்றும், குதிரைக்கு நடைச்செலவு 5, தற்காப்பு 20% என்றும் வைத்தால் இரண்டு நோயும் தீரும். காலாள் டர்னுக்கு இரண்டு கட்டம் நடப்பான், குதிரை ஒன்றோடு நிற்கும்.

இன்னொன்று: வீச்சுகளின் எண்ணிக்கைதான் இந்த முறையில் அதிர்ஷ்டத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி. ஊரில் நிற்கும் எதிரியை 9 சேதம் வீதம் இரண்டு முறை அடிப்பவன் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 36%. 5 சேதம் வீதம் நான்கு முறை எய்பவனுக்கு அது 13%. சராசரியில் பெரிய வித்தியாசமில்லை: 7.2, 8. யூனிட்களைச் சிறிய சேதம், அதிக வீச்சு என்று வடிவமைத்தால் நிலத்தின் குரல் கேட்கும். பெரிய சேதம், குறைந்த வீச்சு என்றால் அதிர்ஷ்டத்தின் குரல்தான் கேட்கும். யானைக்கு மட்டும் பெரிய சேதம், இரண்டு வீச்சு என்று ஒதுக்கலாம். யானையின் நடத்தை அப்படித்தான் கணிக்க முடியாதது.

வெஸ்னாத்தில் மந்திரத் தாக்குதல் எந்த நிலத்திலும் 70% படும். குறிதவறாதவர் என்ற திறன் உள்ள யூனிட், தான் தாக்கும்போது குறைந்தது 60% பெறும். ஊர்த்தீவுகளை உடைக்க டெல்டா வரைபடத்தில் இந்த இரண்டாவது திறனை வில்லாளிக்குக் கொடுப்பது பொருத்தம். மந்திரவாதியை இதற்காக இழுத்துவர வேண்டாம்.

நிலம் சேதத்தைக் குறைத்தால்

2001-ல் வந்த 'அட்வான்ஸ் வார்ஸ்' விளையாட்டில் அடி எப்போதும் படும். நிலம் அதன் அளவைக் குறைக்கும். சாலைக்கும் ஆற்றுக்கும் 0 நட்சத்திரம், சமவெளிக்கு 1, காட்டுக்கு 2, நகரத்துக்கு 3, மலைக்கும் தலைமையகத்துக்கும் 4. முழு ஹெல்த்தோடு (உயிர்ப்புள்ளிகளோடு) நிற்கும் யூனிட்டுக்கு ஒரு நட்சத்திரம் 10% சேதத்தைக் குறைக்கிறது. அதிர்ஷ்டம் அடிப்படைச் சேதத்தோடு 0 முதல் 9 வரை சேரும் ஒரு சிறு எண், அவ்வளவே.

அடிப்படைச் சேதம் 55 என்று கொள்வோம். சாலையில் நிற்பவனுக்கு 55 முதல் 64 வரை. சமவெளியில் சுமார் 50 முதல் 58. நகரத்தில் சுமார் 39 முதல் 45. நகரத்தில் நிற்பவனுக்கு விழும் மிக மோசமான எண்கூட சாலையில் நிற்பவனுக்கு விழும் மிக நல்ல எண்ணைவிடக் குறைவு. இந்த இரண்டு வரம்புகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. வெஸ்னாத்தில் 25% என்று பார்த்தோமே, அது இங்கே பூஜ்யம். இடம் பார்த்து நிறுத்தியவருக்கு ஒவ்வொரு முறையும் கூலி கிடைக்கிறது.

டெல்டாவுக்கு இந்த அளவுகோலைப் பிரித்துக் கொடுப்பது சிரமமில்லை. தண்ணீர் கட்டிய வயல், வாய்க்கால், வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றுப்படுகை எல்லாம் 0. அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் தெளித்த வயல் 1. வாழைத்தோப்பு, நாணலும் மூங்கிலும் மண்டிய படுகை, முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காடு 2. திடல்மேல் இருக்கும் ஊர் 3. கோட்டைக்கும் பெரிய கோவில் மதிலுக்கும் 4. கோவில் மதிலை அரணாக வைப்பது கற்பனையில்லை. 1752-ல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்து, முற்றுகைப்பட்டு, அங்கேயே சரணடைந்தது. தென்னந்தோப்புக்கு 2 கொடுக்கத் தோன்றும். கொடுக்கக் கூடாது. கீழே மறைவே இல்லாத தோப்பு அது, 1 போதும்.

இந்த முறைக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. நட்சத்திரத்தின் பலன் ஹெல்த்தோடு சேர்ந்து தேய்கிறது. பாதி ஹெல்த்தில் உள்ளவனுக்கு நகரத்தின் 3 நட்சத்திரம் 30% தராது, 15% தான் தரும். காயம்பட்டவனை ஊருக்குள் இழுத்து ஒளித்து வைப்பது பலனற்றதாகிவிடும். சிறிய படையோடு ஆடும் வரைபடத்தில் இந்தத் தேய்மானத்தை எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது பலவீனம் பெரியது: முதலில் அடிப்பவனுக்கு அளவுக்கு மீறிய சாதகம். 100 ஹெல்த்தில் 55 போனால், மீதி 45-ன் பலத்தோடுதான் பதிலடி வரும். மலை இருக்கும் வரைபடத்தில் 4 நட்சத்திரம் இந்தச் சாதகத்தை ஓரளவு அடக்கும். டெல்டாவில் திறந்த வயலில் எதிரெதிரே நிற்கும் இரண்டு படைகளில், யார் முதலில் எட்டுகிறாரோ அவர் பக்கம் ஆட்டம் போய்விடும். இருவரும் எட்டும் தூரத்துக்கு ஒரு கட்டம் வெளியே நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தீர்க்க, அடிப்படைச் சேதத்தை 55-லிருந்து 35-க்குக் கொண்டுவாருங்கள். பதிலடி 65% பலத்தோடு வரும். முதல் அடியின் சாதகம் இருக்கும், ஆனால் தீர்மானிக்காது.

பலத்தின் வித்தியாசம் என்ற நடுவழி

'சிவிலைசேஷன்' வரிசையின் முதல் விளையாட்டு 1991-ல் வந்தபோது சண்டை முழுதாக வெற்றி அல்லது முழுதாகச் சாவு. இரு பக்கப் பலத்தின் விகிதம்தான் வாய்ப்பு. குன்றில் அரண் போட்டு நிற்கும் ஈட்டிவீரன் ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்த கதைகள் அங்கிருந்துதான் வந்தன. 1996-ல் வந்த இரண்டாவது விளையாட்டு ஹெல்த் புள்ளிகளைச் சேர்த்து அந்த அபத்தத்தைக் குறைத்தது. ஒரே எண்ணில் எல்லாம் முடியாமல் பல சிறு எண்களாக அதிர்ஷ்டம் பிரிந்ததே அந்த மாற்றத்தின் சாரம்.

ஆறாவது விளையாட்டில் சமபலம் உள்ள இருவர் மோதினால் ஒருவருக்கொருவர் 24 முதல் 36 வரை சேதம், சராசரி 30. பலத்தில் 10 வித்தியாசம் வந்தால் அது ஏறத்தாழ 45-க்கு 20 என்று விரிகிறது. காடும் குன்றும் தற்காப்புக்கு 3 கூட்டும். சதுப்பு 2 குறைக்கும். ஆற்றைக் கடந்து அடித்தால் 5 புள்ளி தாக்குபவருக்குப் பாதகம். அந்த ஐந்தின் விளைவு, தாக்குபவர் தருவது 25, வாங்குவது 37. ஆறுகள் பின்னிக்கிடக்கும் டெல்டாவுக்கு இந்த ஒரு விதி மட்டும் தங்கம். மற்றவை அவ்வளவு உதவாது: குன்றை எடுத்துவிட்டால் +3, −2 என்ற வித்தியாசங்கள் 24–36 என்ற ராண்டம் அகலத்துக்குள் மூழ்கிப்போகும். ராண்டம் அகலத்தை 27–33 என்று பாதியாக்கினால் அவை மறுபடி மேலே வரும்.

அதிர்ஷ்டமே இல்லாமல்

2018-ல் வந்த 'இன்டு த பிரீச்' 8×8 பலகையில், எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதை முன்னாலேயே காட்டிவிடுகிறது. நம் அடி தவறாது; எதிரி அடியும் ஏறக்குறைய அப்படியே. நிலம் அங்கே எண்ணாக இல்லை, நிகழ்ச்சியாக இருக்கிறது: தண்ணீரில் தள்ளினால் தரையில் நடக்கும் சாதாரண எதிரி சாவான், காட்டில் அடித்தால் தீப்பிடிக்கும். ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

ஒரு மதகையோ ஒரு பாலத்தையோ ஐந்து டர்ன் காக்கும் சிறு புதிர்களுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. மதகைத் திறந்தால் கீழே மூன்று கட்டம் நீராகும், கரையை வெட்டினால் இந்தப் பக்க வயல் மூழ்கும் என்று நிலத்தையே ஆயுதமாக்கலாம். கல்லணை முதல் கடல் வரை விரியும் பெரிய வரைபடத்துக்கு இது தாங்காது. இருபது யூனிட் இருந்தால் எல்லா விளைவையும் முன்கூட்டிக் கணக்கிட வேண்டியிருக்கும். ஒரு டர்னுக்கு அரைமணி நேரம் போகும்.

காட்டும் எண்ணும் உருட்டும் எண்ணும்

'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் 2002-ல் வந்த விளையாட்டிலிருந்து ஒரு தந்திரம் புகுந்தது. திரையில் காட்டுவது ஒரு சதவீதம். உள்ளே இரண்டு ராண்டம் எண் உருட்டி அவற்றின் சராசரியை அதோடு ஒப்பிடுவார்கள். காட்டும் 80% உண்மையில் 92.2%. காட்டும் 60% உண்மையில் 68.4%. காட்டும் 40% உண்மையில் 32.4%. ஐம்பதுக்கு மேலே உள்ளது மேலே போகும், கீழே உள்ளது கீழே போகும்.

வெஸ்னாத் மதிப்புகளுக்கு இதைப் பூட்டிப் பார்த்தால் டெல்டாவுக்கு ஒரு நன்மை தெரிகிறது. தண்ணீருக்கும் ஊருக்கும் இடையே இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 2.85 மடங்காகிறது. நிலத்தின் மதிப்பு கூடுகிறது, எரிச்சல் குறைகிறது. ஆனாலும் திரையில் பொய் எண்ணைக் காட்டக் கூடாது. இரண்டு எண் உருட்டுங்கள், உண்மையான 92-ஐயே காட்டுங்கள். கணக்குப் போட்டு ஆடுபவர் ஏமாற்றப்பட்டால் அதற்கப்புறம் விளையாட்டின் எந்த எண்ணையும் நம்பமாட்டார்.

ஆறு கட்டமா, கோடா?

போர்விதியைவிட இந்தக் கேள்வி டெல்டா வரைபடத்தை அதிகம் மாற்றும். வெஸ்னாத்திலும் அட்வான்ஸ் வார்ஸிலும் ஆறு ஒரு கட்டம். அதற்குள் நின்று சண்டை போடலாம். சிவிலைசேஷனில் ஆறு இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடு. கடக்கலாம், நிற்க முடியாது.

குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு, முடிகொண்டான், திருமலைராஜன் என்று அத்தனை கிளைகளையும் கட்டமாக வரைந்தால் வரைபடத்தில் பாதி தண்ணீராகிவிடும். ஊர் வைக்க இடமிருக்காது. எல்லாவற்றையும் கோடாக்கினால் கொள்ளிடத்தின் அகலம் காணாமல் போகும். கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொண்டு ஓடும் ஆறு. கோடையில் அதன் மணலில் படையே இறங்கி முகாம் போடலாம். ஆகவே கலந்து வைப்பதே சரி. கொள்ளிடமும், கல்லணைக்கு மேலேயுள்ள அகன்ற காவிரியும் கட்டம். கல்லணைக்குக் கீழே பிரியும் கிளைகள் எல்லாம் கோடு. கடந்து அடித்தால் பாதகம், கடக்க நடைப்புள்ளி முழுவதும் செலவு. வாய்க்காலை வரையவே வேண்டாம். வயலின் நடைச்செலவுக்குள் அது அடங்கிவிட்டது. வரப்பைக் கோடாக வைத்து, வரப்பு வழியே நடப்பவருக்கு மட்டும் செலவு 1, ஆனால் அப்படி நடந்து வந்து நிற்பவருக்கு நட்சத்திரம் 0 என்று வைக்கலாம். வேகமா பாதுகாப்பா என்ற கேள்வி ஒவ்வொரு டர்னும் வரும்.

ஆற்றங்கரைச் சாலையை மறக்க வேண்டாம். மேடான, நீளமான கரைதான் டெல்டாவில் உயரம் என்று சொல்லத்தக்க ஒரே இடம். கரைமேல் நிற்கும் வில்லாளிக்கு எய்யும் தூரத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கொடுங்கள். தற்காப்பு கூட்ட வேண்டாம், அவன் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறான்.

அதிர்ஷ்டத்தை நீரில் வையுங்கள்

அதிர்ஷ்டம் இரண்டு இடத்தில் வரலாம். நீங்கள் முடிவெடுத்த பிறகு வந்து அதைக் கெடுக்கலாம். குத்து தவறுவது அந்த வகை. முடிவெடுக்கும் முன் வந்து நிலைமையை மாற்றலாம். அடுத்த டர்னில் மழை என்று தெரிவது இந்த வகை. இரண்டாவது வகை ஆடுபவரைக் கோபப்படுத்தாது, யோசிக்க வைக்கும். மலை இல்லாத டெல்டாவுக்கு இயற்கையாகவே வாய்த்திருப்பதும் இதுதான்: நிலம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

இன்றைய காலத்தில் நடக்கும் ஆட்டமென்றால் நாள்காட்டி தயாராகவே இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இடையே 33 வாரம். ஒரு டர்ன் ஒரு வாரம் என்றால் 33 டர்ன்; ஒரே அமர்வில் முடியும் நீளம். வரைபடத்தை மூன்று பட்டையாகப் பிரியுங்கள்: கல்லணை, தஞ்சை அடங்கிய தலைமடை, கும்பகோணம், நீடாமங்கலம் அடங்கிய நடுப்பகுதி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை. தண்ணீர் திறந்த அடுத்த டர்னில் தலைமடை வயல் ஈரமாகும், அதற்கடுத்து நடு, கடைசியில் கடைமடை. இதில் ராண்டம் எதுவும் வேண்டாம். யார் எந்தப் பட்டையில் குதிரையை வைத்திருக்கிறார் என்பதே முதல் மாத ஆட்டம். அணையில் நீர் இல்லாத ஆண்டை ஆட்டத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை உருட்டி அறிவிக்கலாம். அந்த ஆண்டில் குறுவை இல்லை, செப்டம்பர் வரை வயல் காய்ந்தே கிடக்கும், குதிரைக்குக் கொண்டாட்டம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டர்னுக்கு ஒரு முறை உருட்டி, அடுத்த டர்னின் மழையை இப்போதே காட்டுங்கள். கனமழை விழுந்தால் கடைமடையின் பள்ளமான கட்டங்கள் ஒரு டர்னுக்கு நீராகும், கொள்ளிடக் கட்டங்களைக் கடக்க முடியாது, ஓடக்காரன் ராஜா.

பழைய காலத்து ஆட்டமென்றால் மேட்டூரை வரைபடத்தில் வைக்கக் கூடாது. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் அன்னகுடி அருகே கர்னல் பிரெய்த்வெய்ட்டின் ஆங்கிலேயக் கம்பெனிப் படையைத் திப்பு சூழ்ந்து தோற்கடித்த நிகழ்வை எடுத்தால், அது காய்ந்த மாதம், திறந்த வெளி, குதிரைப்படை மிகுந்த பக்கம் ஜெயித்த சண்டை. அங்கே மழைக்கு உருட்டவே வேண்டாம். சேதத்தைக் குறைக்கும் நட்சத்திர முறை மட்டும் போதும். சூழ்வதற்குத் தனியாக, எதிரெதிர்ப் பக்கங்களில் எதிரி நின்றால் நட்சத்திரம் ஒன்று குறையும் என்ற ஒரே விதியைச் சேர்த்தால் அந்தச் சண்டையின் இயல்பு வந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

நிரல் எழுத ஆள் இல்லை, இரண்டு மாதத்தில் ஆடக்கூடிய ஒன்று வேண்டும் என்றால் வெஸ்னாத். சேற்று வயலுக்குத் தனி நிலவகை, அதிக வீச்சுள்ள யூனிட்கள், குறிதவறாத வில்லாளி: இந்த மூன்றையும் செய்யாமல் வெளியிடாதீர்கள்.

போனில் ஆடும் சிறு ஆட்டம், ஆடுபவர் வியூக விளையாட்டுக்குப் புதியவர் என்றால் நட்சத்திர முறை. அடிப்படைச் சேதம் 35, அதிர்ஷ்டம் 0–5. சேதக் கணிப்பைக் கட்டத்தின் மேலேயே எழுதிக் காட்டலாம், ஏனென்றால் அது ஏறக்குறைய உண்மையாகவே இருக்கும்.

33 டர்ன் பெரிய ஆட்டம், சொந்த நிரல், வேலை செய்ய மூன்று நான்கு பேர் என்றால், நட்சத்திரமும் ஆற்றுக்கோட்டின் −5 பாதகமும் முன்னறிவிப்போடு வரும் நீரும் சேர்ந்த கலவை. எங்கள் தேர்வு இதுவே. டெல்டாவின் நிலம் எண்ணாக நில்லாமல் நேரமாக மாறுவது இந்தக் கலவையில் மட்டும்தான். இணையத்தில் இருவர் எதிரெதிரே ஆடுவதற்கும் இதுவே நியாயமானது. மழை இருவருக்கும் ஒன்று.

மதகுப் புதிர்களுக்கு அதிர்ஷ்டமில்லாத 8×8.

நிரலுக்கு முன் காகிதத்தில்

எந்த முறையானாலும் முதலில் காகிதத்தில் ஆடிப் பாருங்கள். ராண்டம் எண்ணுக்குத் தாயக்கட்டை போதும். இரண்டு பித்தளைக் கட்டைகளில் 0, 1, 2, 3 என்ற பக்கங்கள்; மொத்தம் 16 விளைவு. தாயம், அதாவது ஒன்று, விழும் வாய்ப்பு 16-ல் 2; இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டு கட்டையிலும் 0 விழுந்தால் வரும் பன்னிரண்டுக்கு 1. நடுவில் குவியும் இந்தப் பரவல் ஆறுமுகப் பகடையின் தட்டையான பரவலைவிடச் சேதக் கணக்குக்கு நல்லது. விழுந்த எண்ணில் 3-ஐக் கழித்து, 2-ஆல் பெருக்கி, அடிப்படைச் சேதம் 30-ஓடு கூட்டுங்கள். தாயத்துக்கு 26, மூன்றுக்கு 30, ஆறுக்கு 36. பன்னிரண்டுக்கு 48, அதை அபூர்வமான பெரிய அடியாக வைத்துக்கொள்ளலாம். சராசரி 31.5 வரும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறுபடி உருட்டும் வழக்கத்தைச் சோதனையில் விட்டுவிடுங்கள், கணக்கு குலையும்.

அதன்பின் நிரலில் ஒரே சண்டையைப் பத்தாயிரம் முறை ஓட்டி இரண்டு எண்ணைப் பாருங்கள். நல்ல இடத்தில் நின்றவர் மோசமான இடத்தில் நின்றவருக்குக் குறையாத அடி வாங்கும் விகிதம் 10%-க்கு மேல் போனால் ராண்டம் அகலம் அதிகம். ஒரு யூனிட் ஊரைவிட்டு இறங்காமல் இருக்கும் டர்ன்களின் விகிதம் பாதிக்கு மேல் போனால் வயலின் பாதகம் அதிகம். முதல் கோளாறுக்கு அகலத்தைக் குறையுங்கள், நட்சத்திரத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் இரண்டாவது கோளாறு வந்துவிடும்.

கணினி எதிராளிக்கு நீர் வரும் நாள் தெரிய வேண்டும். பெரும்பாலான எதிராளி நிரல்கள் இன்றைய நடைச்செலவை மட்டும் பார்த்து வழி தேடும். அடுத்த டர்னில் ஈரமாகப் போகும் கட்டத்துக்குள் குதிரைகளை நேராக ஓட்டிவிடும். வழி தேடும் கணக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்றைய செலவு, அடுத்த டர்ன் செலவு இரண்டையும் கொடுத்து, பெரியதை எடுக்கச் சொல்லுங்கள். முன்னறிவித்த மழையையும் அதே இடத்தில் சேர்த்துவிட்டால் தனி விதி எழுத வேண்டியதில்லை.